இனியாவின் பெயரில் வந்த அளவுகள்

கோட்டைமேட்டில் தங்கள் தெருவிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் நஃபீசா. அவளுடைய அத்தா மைதீன் பிச்சை உக்கடத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். பெண்பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதைப் பற்றிச் சொந்தபந்தங்கள் ஆளுக்கொன்று பேசியபோது, பிரசவம் பார்க்கத்தானே போகிறாள், அதைவிட நன்மை என்ன இருக்கிறது என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

படிப்பு முடிந்து ஆறு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். புதிதாக யார் வந்து படுத்தாலும் முதலில் கால்மாட்டுக்குத்தான் போவாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த குழி எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பாள், மோதிர விரலைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பிரஷர் கருவியைக் கையில் எடுப்பாள். இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் வந்து பாருங்க மேடம் என்று நஃபீசா சொன்னால், பெரிய டாக்டரம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவார்.

கிரைண்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த முகமது யூசுப்பைக் கல்யாணம் செய்து, மகள் இஃப்ரா பிறந்த பிறகு இராத்திரி டியூட்டி ஒத்துவரவில்லை. வேலையை விட்டாள். ஏழு வருடம் வீட்டில் இருந்தாள். இஃப்ரா மூன்றாம் வகுப்புக்குப் போனபோது பீளமேட்டில் ஒரு நிறுவனத்தில் நர்ஸ் படித்த பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டாள். காலை ஒன்பது முதல் ஆறு வரை உட்கார்ந்து பார்க்கிற வேலை. யூசுப்பே பைக்கில் கூட்டிப்போய் விண்ணப்பம் கொடுக்க வைத்தான்.

அந்த நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தது. பார்ப்பதற்கு வாட்ச் போலத்தான் இருக்கும், கிராமங்களில் எல்லோரும் வாட்ச் என்றே சொன்னார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் அது அளந்து, வீட்டிலிருக்கும் செல்போனுக்கு அனுப்பும். போனிலிருந்து பீளமேட்டுக்கு வரும். நஃபீசாவின் திரையில் இருநூற்றெண்பது பெண்களின் பெயர்கள் இருந்தன. அளவு சரியாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, கொஞ்சம் தப்பினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டால் சாம்பல் நிறம்.

சிவப்பு மாதத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். உடனே கூப்பிட்டு, அந்த ஊர் நர்ஸுக்குச் சொல்லி, வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்படி நஃபீசாவின் கண்முன்னால் பிழைத்தவர்கள் உண்டு. அலுவலகத்தின் அன்றாடத் தலைவலி சாம்பல்தான். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது பட்டை கையில் இருக்கவேண்டும் என்பது விதி. இல்லையென்றால் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், எடுக்காவிட்டால் புருஷன் நம்பருக்குக் கூப்பிடவேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் மூன்று நிமிடம். நஃபீசாவுக்குக் குரலில் ஒரு கனிவு இருந்தது. அவள் பேசினால் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். அவள் பட்டியலில்தான் சாம்பல் மிகக் குறைவு.

இனியா அந்தப் பட்டியலுக்கு வந்தது ஐந்தாம் மாதத்தில். வயது இருபத்திரண்டு, தலைச்சன் பிள்ளை. கிணத்துக்கடவுக்கு மேற்கே ஒரு காலனியில் வீடு. தேங்காய் நார் மில்லில் வேலை. புருஷன் மயில்சாமி தேங்காய் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினான். மாமியார் ராமாமணிக்கு நாற்பத்து நான்கு வயது, தக்காளிக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது இரண்டு ஆடுகளோடு வீட்டில் இருந்தாள். வீட்டுக்கென்று ஒரு போன். அதில்தான் பட்டையின் கணக்கெல்லாம் போய்ச் சேரும்.

முதல் அழைப்பிலேயே இனியா, இந்த வாட்ச்சில் பையனா பொண்ணா என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்று நஃபீசா சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் ஊர்க் கதைக்குப் போய்விடும். குழந்தை வயிற்றில் முதலில் அசைந்ததைப் புருஷனுக்குச் சொல்லுமுன் நஃபீசாவுக்குத்தான் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

ஆறாம் மாதம் இனியாவின் பெயர் சாம்பலாகத் தொடங்கியது. மில்லில் பெல்ட் ஓடும் இடத்தில் வளையல், வாட்ச் எதுவும் போடக்கூடாது என்று மேஸ்திரி கழற்றச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டினால், நார்த்தூசி பட்ட தோல் பட்டைக்கு அடியில் அரித்துத் தடித்துப்போகிறது. இதையெல்லாம் இனியா சொல்லத்தான் செய்தாள். நஃபீசாவும் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆனால் விதி பதினாறு மணி நேரம். தினமும் கூப்பிட்டாள். வேலை நேரத்தில், மில்லில் கூட வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கும் கூப்பிட்டாள், மேஸ்திரி முகம் சுளித்தார். கடைசியில் மயில்சாமியின் நம்பருக்கு நாலு நாள் தொடர்ந்து கூப்பிட்டாள். லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தவன் அன்று சாயங்காலம் வீட்டில் என்ன பேசினான் என்பது நஃபீசாவுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

அடுத்த திங்கட்கிழமை இனியாவின் பெயர் பச்சையாக மாறியது. அப்புறம் மாறவேயில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் பட்டை கையில் இருந்தது. அழுத்தம் 112, 110, 114. நாடி 68. ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலரைக்கு எழுந்திருக்கும்வரை ஒரே தூக்கம். மேஸ்திரியும் விட்டுக்கொடுத்திருப்பார், பிள்ளையும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று நஃபீசாவுக்கு நிறைவாக இருந்தது. அந்த மாதக் கூட்டத்தில் அவளுடைய மேலாளர் சசிதர், அவளைவிட எட்டு வயது இளையவன், அவள் பட்டியலைச் சுவரில் போட்டுக் காட்டினான். சாம்பல் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஏழாம் மாதக் கடைசியில் அந்த ஊரின் கிராம நர்ஸ் ராசாத்தாள் நஃபீசாவைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து வருடம் அதே சுற்றுவட்டாரத்தில் நடந்தே தேய்ந்தவள். இனியாவுக்கு இன்றைக்குப் பிரஷர் 138க்கு 90 காட்டுகிறது, உங்கள் வாட்ச் என்ன சொல்கிறது என்று கேட்டாள். நஃபீசா திரையைப் பார்த்தாள். இருபத்தாறு நாளில் ஒருமுறைகூட 114ஐத் தாண்டவில்லை. வெயிலில் நடந்து வந்திருப்பாள், கொஞ்ச நேரம் படுக்கவைத்துத் திரும்பப் பார்க்கலாமே என்றாள். இருபது பேர் காத்திருந்தார்கள், இனியாவை அனுப்பிவிட்டேனே என்றாள் ராசாத்தாள்.

"நாம மாசத்துக்கு ஒருக்கா பாக்கறமுங்க, உங்க மிசினு நாள் பூராப் பாக்குது," என்றாள் பிறகு. "நீங்க நல்லாருக்குதுன்னா நான் அடுத்த மாசம் பாத்துக்கறனுங்க."

"எங்க ரீடிங் எல்லாம் நார்மல்தானுங்க சிஸ்டர்," என்றாள் நஃபீசா.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் இனியாவே கூப்பிட்டாள். எப்போதும் நஃபீசாதான் கூப்பிடுவாள், அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஷிப்ட் முடிய பத்து நிமிடம் இருந்தது. இன்னும் பதினோரு பேரை நஃபீசா கூப்பிட வேண்டியிருந்தது.

"ஏனுங்க்கா, ரெண்டு நாளாத் தலை வலிக்குதுங்க. கண்ணுக்கு முன்னால மின்னி மின்னிப் போகுது."

வார்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நஃபீசா டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பாள். இப்போதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஆனால் கண் திரைக்குப் போனது. அரை மணிக்கு முன்பு வந்த அளவு 110க்கு 70. பச்சை. தண்ணீர் சரியாகக் குடிக்கிறாயா, மில்லில் சத்தம் ஜாஸ்தியா என்று கேட்டாள்.

"குடிக்கறனுங்க்கா. அக்கா, அந்த வாட்ச்சு இருக்குதில்லீங்க..."

பழையபடி அரிப்பு என்று சொல்லப்போகிறாள் என்று நஃபீசா நினைத்தாள்.

"அதை மட்டும் கழட்டிராத கண்ணு. இவ்வளவு நாள் எத்தனை நல்லாப் போட்டிருக்கே. அதுதான் உன்னையப் பாத்துக்குது. பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே."



"செரிங்க்கா," என்றாள் இனியா. போனை வைத்தாள்.

அதற்கு நாலாம் நாள், வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, இனியாவின் பெயர் சிவப்பாக மாறியது. 166க்கு 100. நாடி 134. நஃபீசா செய்யவேண்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மயில்சாமி எடுக்கவில்லை. ராசாத்தாளைக் கூப்பிட்டு, சிஸ்டர், இனியா வீட்டுக்கு உடனே ஓடுங்க, பிரஷர் ஏறியிருக்கு என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

ராசாத்தாள் ஆம்புலன்ஸில் இருந்தாள். இனியா அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். மில்லில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கை கால் இழுத்து, இப்போது இரண்டாவது தடவையும் இழுப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாள்.

"அவ கையில வாட்ச்சு இல்லீங்களே," என்றாள் ராசாத்தாள். "நீங்க ஆரோட பிரஷரைச் சொல்றீங்க?"

அது ராமாமணியின் பிரஷர். மருமகள் விழுந்துவிட்டாள் என்று கேட்டு, கையில் போனோடு மில்லுக்கு ஓடிக்கொண்டிருந்த ராமாமணியின் நெஞ்சு அடித்த அடிதான் பீளமேட்டில் சிவப்பாகத் தெரிந்தது. ஒன்றரை மாதமாக வந்த பச்சையும் அவளுடையதுதான். புருஷனிடம் பேச்சு வாங்கிவிட்டு அழுதுகொண்டிருந்த மருமகளைப் பார்க்கப் பொறுக்காமல், அதைக் கொண்டா இங்கே, நான் கட்டிக்கிறேன், அந்தப் போன் அடங்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. இனியாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் போய்விட்டாள். வயிற்றில் இருந்தது பெண் குழந்தை.

சனிக்கிழமை காலை நஃபீசா அலுவலகத்துக்குப் போனபோது இனியாவின் பெயர் திரையில் அப்படியே இருந்தது. அடக்கம் முடிந்த வீட்டில் பட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அளவுகள் வந்துகொண்டே இருந்தன. நாடி 112, தூக்கம் இல்லை. திரை மஞ்சளாகி, இந்தப் பெண்ணைக் கூப்பிடவும் என்று கேட்டது. நஃபீசா எழுந்து போய்ச் சசிதரின் மேஜை முன்னால் நின்றாள். அவன் அந்தப் பெயரைத் தானே எடுத்துவிட்டான்.

சசிதர் கெட்டவனில்லை. உங்கள்மேல் தப்பே இல்லை, கருவியை வேறு ஆள் போட்டால் நாம் என்ன செய்யமுடியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார்கள். நஃபீசா தன் கையால் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ராசாத்தாள் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், தலைவலி என்று இனியா சொன்னதையும் எழுதினாள். மாதம் ஏற ஏற கர்ப்பிணியின் நாடி ஏறும், இந்த நாடி ஏறவேயில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி இடையில் ஒன்றுக்குக்கூட எழுந்திருக்காமல் விடியும்வரை தூங்கமாட்டாள். பிரசவ வார்டில் ஆறு வருடம் இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினாள். அந்த இரண்டு பக்கத்தை யாரும் அறிக்கையில் சேர்க்கவில்லை.

அந்தச் சாயங்காலத்து அழைப்பின் பதிவை ஒருமுறை கேட்கவேண்டும் என்றாள். சசிதர் வேண்டாம் என்றான், பிறகு போட்டுக் காட்டினான். மொத்தம் இரண்டு நிமிடம் பத்து வினாடி. மூன்று நிமிடத்தைக்கூட அந்தப் பிள்ளைக்கு அவள் முழுதாகக் கொடுத்திருக்கவில்லை.

இனியா போய்ப் பதினாறாம் நாள் யூசுப் பைக்கில் கிணத்துக்கடவுக்குக் கூட்டிப்போனான். போகவேண்டாம் என்றுதான் அவனும் சொன்னான். காலனி முனையில் அவனை நிறுத்திவிட்டு நஃபீசா தனியாக நடந்தாள். வாசலில் ராமாமணி உட்கார்ந்திருந்தாள். மெலிந்து உறுதியான உடம்பு. யார் என்று சொன்னதும், உள்ளே வாங்க அம்மணி என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"போன்ல பேசுவீங்களே, அந்த அக்காதானுங்களா. உங்களப் பத்தி நெறையாச் சொல்லும்ங்க."

சுவரில் வளைகாப்புப் படம் மாட்டியிருந்தது. இனியா விழுவதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்தது. நஃபீசா அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். கண் இமைகள் தடித்து, மூக்கு பருத்து, உதடுகள்கூட வீங்கியிருந்தன. கை விரலில் மோதிரம் இல்லை. வார்டில் கூட்டுகிற ஆயாகூட அந்த முகத்தைப் பார்த்திருந்தால் பிரஷர் என்று சொல்லியிருப்பாள்.

"வளையலே ஏறலீங்க," என்றாள் ராமாமணி, அவள் பார்ப்பதைப் பார்த்து. "சோப்புப் போட்டுத்தான் ஏத்துனம். நல்லாச் சதை புடிச்சிருக்குது, ஆண் கொழந்தைதான்னு எல்லாருஞ் சொன்னாங்க. நானும் சந்தோசப்பட்டுப்போட்டேன்."

நஃபீசா அந்த அழைப்பைப் பற்றிச் சொன்னாள். தலைவலி என்றாள், நான் ஒன்றுமில்லை என்றுவிட்டேன், வாட்ச்சைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள், நான் சொல்லவிடவில்லை என்று சொன்னாள். 

"அன்னிக்கு நாந்தானுங்க பேசச் சொன்னேன்," என்றாள் ராமாமணி. "வாட்ச்சு எங் கையில இருக்குதுன்னு சொல்லிப்போடு சாமின்னு சொன்னேன். பேசிப்போட்டு வந்து, அக்கா எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்கத்தே, பயமில்லீன்னா. என்ர ரத்தத்தப் பாத்துச் சொல்றாங்கன்னு ரெண்டு பேருக்குமே உறைக்கலீங்களே. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டுவிட்டேன்."

ராமாமணியின் கையைப் பிடிக்கலாமா என்று நஃபீசா நினைத்தாள். இடது மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கை எழவில்லை. அந்த நேரத்தில் மயில்சாமி வந்தான். யார் என்று தாய் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை.

"போயிருங்க. இனி இந்த ஊட்டுக்கு வராதீங்க," என்றான். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நாலு நாள் போன் வந்ததற்காக அவளை என்ன சொன்னோம் என்பது அவனுக்கும் மறந்திருக்காது.

 வீடு திரும்பும் வழியில், வேலையை விட்டுவிடு என்று யூசுப் சொன்னான். அவள் விடவில்லை. விட்டால் என் பட்டியலில் இருக்கிற மற்றவர்களை யார் பார்ப்பார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் திரையை நம்பவில்லை. யாராவது தலைவலி என்றால், கால் வீங்குகிறது என்றால், நெஞ்சு கரிக்கிறது என்றால்கூட, பச்சையோ மஞ்சளோ, வண்டிக்குச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பதினேழு பேரை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வால்பாறை எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து ஒருத்தி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கி வந்து, மறுநாள் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனாள். நர்ஸுகள் புகார் எழுதினார்கள். சசிதர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினான்.

பெண்களும் மாறிப்போனார்கள். குனியமுத்தூரில் யுஸ்ரா என்று ஒருத்தி இருந்தாள், எட்டாம் மாதம். அதுவரை போனை எடுத்தால் வைக்காமல் பேசிக்கொண்டிருந்தவள். ஒருநாள் நஃபீசா வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது, ஒண்ணுமில்லக்கா, தலைவலி இல்ல, வீக்கம் இல்ல, எல்லாம் நல்லா இருக்கு என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெதுவாகச் சொன்னது நஃபீசாவுக்குக் கேட்டது.

"தலைவலின்னு மட்டும் சொல்லிராதடி. அந்தக்கா ஆம்புலன்ஸ் அனுப்பிரும்."

நஃபீசா, சரி கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். யுஸ்ராவுக்கு மூன்று வாரத்தில் சுகப்பிரசவம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்ற குறிப்பு வந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. தன்னிடம் உண்மை சொல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே, இனி என்னைப் பேசும் வேலையில் வைக்காதீர்கள் என்று சசிதரிடம் கேட்டுக்கொண்டாள்.

நிறுவனம் இப்போது புதிய விதி ஒன்று கொண்டுவந்திருக்கிறது. தினமும் காலையில் பட்டை கட்டிய கையைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். அந்தப் படங்களைச் சரிபார்க்கும் இடத்தில் நஃபீசாவைப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு கைகள் வரும். மஞ்சள் பூசிய கை, மருதாணி வைத்த கை, கருகுமணி கட்டிய கை, மண் ஒட்டிய கை. முகம் இருக்காது, குரல் இருக்காது. பட்டை தெரிகிறதா என்று பார்த்து ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அழுத்துகிறாள். கை யாருடையது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. பட்டை தெரிகிறது.